வலியைச் சொன்ன மொழிகள்

அக்காள் மகள் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவத்துக்கு ஸ்பானிஷ் பாடம் எடுத்திருந்தாள். விடுமுறைக்குப் புக்கிட் ரம்பாய் வீட்டுக்கு வந்தவள், கூடத்தில் உட்கார்ந்து ‘மருத்துவரிடம்’ என்ற பாடத்தைச் சத்தமாக மனனம் செய்துகொண்டிருந்தாள். “மே துவேலே லா கபேஸா. மே துவேலே லா கபேஸா.”

சமையற்கட்டிலிருந்து அம்மா கேட்டார், “என்னடி சொல்ற?”

“தலை வலிக்குதுன்னு சொல்றேன் பாட்டி.”

“தைலம் தேச்சுக்கிட்டுப் படு. அதுக்கு எதுக்கு இவ்ளோ நீட்டமா?”

சிரித்து முடித்தபின் அவள் என்னிடம் ஒன்றைக் காட்டினாள். “மாமா, இது அப்படியே நம்மள மாதிரி இருக்கு பாருங்க.” உண்மைதான். ஆங்கிலத்தில் தலைவலி ஓர் உடைமை. பேனா வைத்திருப்பதுபோல ஒருவர் தலைவலியையும் வைத்திருக்கிறார். ஸ்பானிஷில் அப்படி இல்லை. வினை தலையினுடையது, நான் வெறுமனே அதைப் பெற்றுக்கொள்கிறவன். ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்று நாம் சொல்லும்போதும் அதேதான். இரண்டு மொழிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் வலிக்கிறவரை வாக்கியத்தில் வைக்கும் இடம் ஒன்றாக இருக்கிறது.

அதே பாடத்தில் வலியின் வகைகள் ஒரு பெட்டிக்குள் கொடுக்கப்பட்டிருந்தன. அதில் ‘டோலோர் சோர்டோ’ என்று ஒன்று. டோலோர் என்றால் வலி, சோர்டோ என்றால் செவிடு. மந்தமாக, ஓயாமல், எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாமல் இருக்கும் வலியை ஸ்பானிஷ்காரர்கள் செவிட்டு வலி என்கிறார்கள். நான் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். 1991இல் எனக்குப் பதின்மூன்று வயது. அந்த வருடம் நான் செய்த ஒரு மொழிபெயர்ப்பு ஞாபகத்துக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பாட்டியையும் அவர் பிறந்த தோட்டத்தையும் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாட்டி ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி, முதுமையில் எங்களோடு புக்கிட் ரம்பாய்க்கு வந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் உடம்பைப் பற்றிப் பேசும்போது அவரிடம் இருந்த சொற்கள் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். மழைக்கு முன்னால் மூட்டு ‘உளையும்’. எலும்புக்குள்ளே யாரோ துளைபோடுவதுபோல இருந்தால் அது ‘குடைச்சல்’. காலையில் குனிந்தே மரம் வெட்டிய நாட்களில் குறுக்கு ‘செத்துப்போகும்’. காண்டா வாளியில் பால் சுமந்த தோள்பட்டை ‘கடுக்கும்’. நகச்சுற்று ‘விண்விண்’ என்று தெறிக்கும். கண்ணில் பால் தெறித்தால் ‘காந்தும்’. வயிறு ‘முறுக்கும்’, பல் ‘பிடுங்கும்’, கால் ‘மதமத’ என்று மரத்துப்போகும். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைச் சொல்லிவிட முடியாது. மூட்டு காந்துகிறது என்று நான் ஒருமுறை சொன்னதற்குப் பாட்டி திருத்தினார். ஆங்கிலத்தில் தலைவலியைச் சொல்லச் சொற்கள் போதவில்லை என்று வர்ஜீனியா வூல்ஃப் 1926இல் ஒரு கட்டுரையில் குறைப்பட்டுக்கொண்டார். ஏறக்குறைய அந்த ஆண்டுகளில்தான் என் பாட்டி பிறந்தார்.

இவ்வளவு சொற்களும் யாரிடம் சொல்லப்பட்டன என்பதுதான் என் கேள்வி.

மலாயாவில் ரப்பர் வணிகப் பயிரானது மலாக்காவில்தான். டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் முதலில் நட்டார், பிறகு புக்கிட் ஆசகானில் பெரிய அளவில் நட்டார். அடுத்த இருபது ஆண்டுகளில் மேற்குக் கரை நெடுக ரப்பர்க்காடாக மாற, தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் மூலம் ஆட்கள் வந்து இறங்கினார்கள். தோட்டத்தின் நாள் பெரட்டில் தொடங்கும். விடிவதற்கு முன் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். பேர் கூப்பிடுவார்கள். வந்தவருக்கு ஒரு குறி, வராதவருக்கு இன்னொரு குறி. ஒரு தொழிலாளியின் வலி முதன்முதலாக வெளி உலகத்துக்குத் தெரியவந்த இடம் அதுதான். அங்கே கேட்கப்பட்ட கேள்வி ‘எப்படி வலிக்கிறது’ என்பதல்ல, ‘வேலைக்கு வருவியா மாட்டியா’ என்பது.

நம்மிடம் ‘சீக்கு’ என்றொரு சொல் இருக்கிறது. அதை நல்ல நாட்டுப்புறத் தமிழ்ச் சொல் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். ஆங்கிலத்தின் ‘சிக்’தான் அது. சீக்கு வந்தது, பின்னாலேயே நம்முடைய ‘ஆளி’ விகுதி ஒட்டிச் சீக்காளியும் வந்தான். தமிழ்நாட்டிலும் வழங்குகிற சொல்தான், தோட்டம்தான் அதைப் பெற்றது என்று சொல்ல வரவில்லை. ஆனால் தோட்டத்தில் அதன் பொருத்தம் வேறு. உளைச்சல், குடைச்சல், கடுப்பு, முறுக்கு எல்லாம் பெரட்டுக்களத்தில் ‘சீக்கு’ ஆனது. இன்றைக்கு நாம் “எம்சி எடுத்துட்டேன்” என்கிறோம். உடம்புக்கு என்ன என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை நாள் என்றுதான் கேட்கிறார்கள். பெரட்டு இன்னும் கலையவில்லை என்று சில நேரம் தோன்றும்.

துரைமார் தமிழ் கற்றார்கள். அதை மறுப்பதற்கில்லை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த இளம் வெள்ளைக்காரர்களுக்காகக் கொழும்பில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு கையடக்கத் தமிழ் வழிகாட்டி போட்டார்கள். அதன் தலைப்பே ‘இங்கே வா!’. பிறகு மலாயாவில் 1919இல் தோட்ட நிர்வாகிகளின் சங்கம் உருவானபோது அதுவும் மொழித் தேர்வுகள் நடத்தியது. தேறினால்தான் சின்னத்துரைக்கு மதிப்பு. ஆனால் ஒரு மொழியை ‘இங்கே வா’விலிருந்து படிக்க ஆரம்பித்தவர், அந்த மொழியில் ‘எங்கே வலிக்கிறது’ வரைக்கும் எத்தனை பக்கம் புரட்ட வேண்டியிருந்திருக்கும்?

துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் இருந்தவர் டிரெசர். தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர், கட்டுப் போடுபவர், பெரட்டில் வந்து ‘கொயினா’ விழுங்கவைப்பவர். 1922இல் இந்தியாவில் குடியேற்றச் சட்டம் வந்ததையொட்டி மலாயாவின் தொழிலாளர் சட்டங்களும் இறுக்கப்பட்டன. வைத்தியம் தோட்டத்தின் பொறுப்பு என்பது உறுதியானது. டிரெசர்களில் பலர் யாழ்ப்பாணத் தமிழர்கள், மலையாளிகள். இங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

யாழ்ப்பாணத்துக்காரருக்குத் தலை வலிக்காது. அவருக்குத் தலையிடி. வயிறு வலிக்காது, வயிற்றுக்குத்து. சளி பிடிக்காது, தடிமன். உடம்பில் எங்கே வலித்தாலும் அது ‘நோ’. பார்க்கப்போனால் அதுதான் பழைய தமிழ். பழைய இலக்கியத்தில் வலி என்றால் பெரும்பாலும் வலிமை. துன்பத்துக்கு நோய், நோவு. தெலுங்கின் நொப்பி, கன்னடத்தின் நோவு எல்லாம் அந்தப் பக்கத்துச் சொந்தங்கள். ஆனால் தஞ்சாவூர், சேலம், வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து லயத்தில் குடியிருந்தவர்களுக்கு இது அவ்வளவு எளிதாகப் பிடிபடவில்லை. பாட்டி சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. அவர் சிறுமியாக இருந்தபோது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருத்தியிடம் யாழ்ப்பாணத்து டிரெசர் “நாரி நோகுதோ?” என்று கேட்டிருக்கிறார். நாரி என்றால் அவர்கள் வழக்கில் இடுப்பின் பின்பக்கம். அந்தப் பெண் காதில் அது ‘நாறி’ என்று விழுந்துவிட்டது. “நான் குளிச்சிட்டுத்தான்யா வந்தேன்” என்று அழுதுகொண்டே திரும்பிப் போய்விட்டாளாம்.

யாழ்ப்பாணம் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் 1847இல் அங்கே வந்து, மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘இரணவைத்தியம்’ போன்ற பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். 1873இல் அவர் திரும்பிப் போவதற்குள் தமிழில் படித்த மருத்துவர்களின் ஒரு தலைமுறை உருவாகிவிட்டது. நோயாளியின் வாயும் மருத்துவரின் புத்தகமும் ஒரே மொழியில் இருந்த அரிய காலம். மலாயாவில் அது நடக்கவில்லை. இங்கே டிரெசர் தமிழில் அல்லது தமிழ் மாதிரியில் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதினார். மாதத்துக்குச் சில முறை வந்துபோகும் டாக்டர் அந்த எழுத்தைப் படித்தார்.

மலையாளி டிரெசர் விஷயம் வேறு மாதிரி. மலையாளத்தில் ‘வேதன’ என்றால் உடம்பு வலி. தலைவேதன, வயறுவேதன. நமக்கு வேதனை மனதில் இருப்பது. போருக்குப் பிறகு, 1950களில், பாட்டி கையில் ஒரு கட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். புதிதாக வந்த டிரெசர் அன்பாகத்தான் கேட்டிருக்கிறார், “வேதன உண்டோ?”

பாட்டி, “வேதனை இல்லாத பொழப்பா சாமி” என்று உட்கார்ந்து, அண்ணனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அண்ணன் 1943இல் சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர். ஜப்பானியர்கள் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதையை 1942-43இல் போட்டு முடித்தார்கள். மலாயாவின் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாக ஏற்றிப்போனார்கள். காலராவிலும் புழுத்த கால் புண்ணிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்கு ஒழுங்கான கணக்கில்லை. போர்க்கைதிகளாக இருந்த வெள்ளைக்காரர்களுக்கு அவர்களுடைய இராணுவ மருத்துவர்கள் கூடவே இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் குறிப்பு எழுத ஒருவர் இருந்தார். பிற்பாடு அந்தக் குறிப்புகள் புத்தகங்களாயின. தமிழர் முகாம்களில் அப்படி யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. அண்ணன் திரும்பவில்லை. அவருக்கு என்ன வந்தது, எங்கே வலித்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

டிரெசர் நடுவில் நிறுத்தவில்லை என்று பாட்டி சொல்வார். முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் கட்டியைக் கீறினாராம். ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் அந்த ஒருநாள் ஒரு முழுக்கதையும் ஒருவர் காதில் விழுந்திருக்கிறது.

ஆனால் கேட்காத மருத்துவம் வேலை செய்யவே இல்லை என்று நான் எழுதினால் அது பொய். மால்கம் வாட்சன் 1901இல் கிள்ளானுக்கு வந்தபோது ஊரே மலேரியாவில் கிடந்தது. அவர் சதுப்பை வடித்தார், காட்டை வெட்டினார், கால்வாய் போட்டார். காய்ச்சலும் சாவும் மளமளவென்று குறைந்தன. பிறகு தோட்டம் தோட்டமாகப் போனார். குழந்தைகளை வரிசையாக நிற்கவைத்து, இடது விலாவுக்குக் கீழே கைவைத்து அழுத்தி, மண்ணீரல் வீங்கிய குழந்தைகளை எண்ணினார். அந்த எண்ணிக்கைதான் ஒரு தோட்டத்தில் எவ்வளவு மலேரியா என்பதற்கு அளவுகோல். மலைப்பாங்கான இடங்களில் காட்டை வெட்டினால் வெயில்படும் ஓடையில் வேறொரு வகை அனோபிலிஸ் பெருகி நிலைமை மோசமாகும் என்பதையும் அவர் கண்டுபிடித்தார். இதில் எந்த இடத்திலும் ஒரு நோயாளியிடம் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. மண்ணீரல் எந்த மொழியும் பேசாது. எத்தனையோ தமிழ்க் குழந்தைகள் அதனால்தான் பிழைத்தன. என் பாட்டியும் அப்படிப் பிழைத்த குழந்தையாக இருக்கலாம்.

கொக்கிப்புழு அப்படி அல்ல. வெறுங்காலில் நடந்தவர்களின் பாதத் தோல் வழியாக ஏறி, குடலில் தொங்கி இரத்தம் குடிக்கும் புழு. தோட்ட மக்களிடம் மிகப் பரவலாக இருந்தது. அது வலியாகத் தெரியாது. “ஆளத் தள்ளுது”, “ஒடம்புல ஒன்னுமில்லாத மாதிரி இருக்கு”, “படியேறுனா மூச்சு இரைக்குது”, இப்படித்தான் தெரியும். கேட்கத் தெரிந்தவருக்கு இது சோகை என்று மூன்றாவது வாக்கியத்திலேயே புரிந்துவிடும். கேட்காதவருக்கு அது சோம்பல். தமிழன் சோம்பேறி என்ற பேச்சு எப்படிப் பரவியது என்று தேடுபவர்கள், அதில் ஒரு பங்கைக் குடலிலும் தேடலாம்.

இனி 1991.

பாட்டிக்கு அப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. நீரிழிவு உண்டு. ஒருநாள் மத்தியானம் வேர்த்துக்கொட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் மலாய் தெரிந்தவன் நான்தான், பள்ளிக்கூட மலாய். ஒரு கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். டாக்டர் இளைஞர். அவருக்குத் தமிழ் தெரியாது. பாட்டி இரண்டு வாக்கியம் சொன்னார்.

“நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்துருக்காப்ல இருக்குய்யா. வாய்வா இருக்கும்.”

முதல் வாக்கியத்தை நான் சொல்லவில்லை. யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மலாயில் சொன்னால் டாக்டர் சிரிப்பார், பேய் பிசாசு என்று நினைப்பார், பாட்டி மானத்தை வாங்குகிறார் என்று எனக்குத் தோன்றியது. இரண்டாவது வாக்கியம் சுலபம். “ஆங்கின், டாக்டர்” என்றேன். காற்று. டாக்டர் வயிற்றைத் தட்டிப்பார்த்து, வெள்ளை மருந்து ஒரு போத்தல் கொடுத்தார். மூன்றாம் நாள் விடியற்காலை பாட்டி இறந்துபோனார். மாரடைப்பு.

பல வருடம் கழித்து யோசித்தபோது உறைத்தது, என் மொழிபெயர்ப்பில் பிழையே இல்லை என்பது. வாய்வுக்கு ஆங்கின் மிகச் சரியான சொல். நாட்டு வைத்தியத்தின் வாதமும் மலாய்க் கிராமத்து வைத்தியத்தின் ஆங்கினும் ஒன்றையொன்று தெரிந்த பங்காளிகள். நான் விட்டது உவமையை. மூதாட்டிகளுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் மாரடைப்பு பல நேரம் வலியாகவே வராது, பாரமாக, மூச்சு முட்டலாக, வயிற்றுக் கோளாறு மாதிரி வரும் என்று இன்று எந்த மருத்துவ மாணவரும் சொல்வார். நெஞ்சின் மேல் ஏதோ உட்கார்ந்திருப்பதுபோல என்பது பாடப்புத்தக அடையாளம். பாட்டி நோயின் பெயரைத் தப்பாகச் சொன்னார், வலியைச் சரியாகச் சொன்னார். நான் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டேன். பதின்மூன்று வயதில் நானே ஒரு பெரட்டுப் புத்தகம் ஆகியிருந்தேன்.

அதைச் சொல்லியிருந்தாலும் பிழைத்திருப்பாரா என்பது வேறு விஷயம். அந்த கிளினிக்கில் என்ன கருவி இருந்தது, பெரியாஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போயிருப்போமா, இதெல்லாம் நான் பலமுறை போட்டுப் பார்த்த கணக்கு.

மலாயில் சொல் இல்லாமல் நான் திணறினேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெனிங், லெங்ஙு, செங்ஙால், பெடி, பீசா என்று தலைச்சுற்றல், அசதி வலி, மூட்டு உளைச்சல், காந்தல், விண்விண் தெறிப்பு எல்லாவற்றுக்கும் தனித்தனியாக அங்கே உண்டு. கம்பத்துப் பாட்டியும் என் பாட்டியும் பேசியிருந்தால் ஒத்துப்போயிருப்பார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் தந்தது ‘சாக்கிட்’ என்ற ஒன்றைத்தான். அதில் நோயும் அடங்கும், வலியும் அடங்கும். இன்னொரு பக்கம் மலாக்கா செட்டிகள் இருக்கிறார்கள். சுல்தான்கள் காலத்திலேயே வந்து, காஜா பெராங்கில் கோயிலும் வழிபாடும் மாறாமல் வாழ்ந்து, மலாயே வீட்டுமொழியாகிவிட்ட தமிழ் வம்சம். தலைமுறைகளாக அவர்கள் வலியையும் மலாயில்தான் சொல்கிறார்கள், அதில் ஒன்றும் குறைந்துபோகவில்லை. ஆகவே தமிழில் சொன்னால்தான் வலி வலியாகும் என்று நான் வாதிட வரவில்லை. எந்த மொழியானாலும் அது பாட்டியிடமிருந்து வந்ததா பள்ளிப் பரீட்சையிலிருந்து வந்ததா என்பதில் வித்தியாசம் இருக்கிறது.

மருத்துவ உலகம் இதைத் தாமதமாகக் கண்டுகொண்டது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக், வலியைச் சொல்லும் சொற்களைச் சேகரித்து, 1975இல் ஒரு வினாத்தாளாக வெளியிட்டார். 78 சொற்கள், 20 குழுக்கள். துடிப்பது, துளைப்பது, முறுக்குவது, எரிப்பது என்று பிரித்து, நோயாளி தன் வலிக்கு எது பொருந்துகிறதோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சொல்லின் வகையே நோயைப் பற்றி ஏதோ சொல்கிறது என்பது அதன் அடிப்படை. ஸ்பானிஷ் உட்படப் பல மொழிகளுக்கு அது போயிருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்தபோது லயத்து வாசலில் உட்கார்ந்து பாட்டியும் அவர் கூட்டாளிகளும் பேசுவதைக் கேட்பது போலிருந்தது. ஆனால் நடைமுறையில் அவ்வளவு சொல்லுக்கு நேரம் ஏது? மலேசிய சுகாதார அமைச்சு 2008இல் அரசு மருத்துவமனைகளில் வலியை ஐந்தாவது உயிர்க்குறியாகக் கொண்டுவந்தது. இரத்த அழுத்தம், நாடி, மூச்சு, காய்ச்சலோடு சேர்த்து வலியையும் கேட்டு எழுத வேண்டும். நல்ல காரியம். எழுதுவது பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்குமான ஓர் எண்.

புக்கிட் ரம்பாயில் இப்போது ரப்பர் இல்லை. தொழிற்பேட்டையும் மரச்சாமான் தொழிற்சாலைகளும் வீடமைப்புகளும்தான். சென்ற மாதம் அம்மாவை முட்டிவலிக்குக் காட்ட அழைத்துப்போனபோது, பக்கத்து நாற்காலியில் நேப்பாளி இளைஞர் ஒருவர், கட்டைவிரலில் துணி சுற்றியபடி. அவருக்குத் துணையாக வந்தவருக்குக் கொஞ்சம் மலாய் தெரியும். அடிபட்டவர் நேப்பாளியில் நீளமாக ஏதோ சொன்னார், கையைக் காட்டி, தோள்வரை விரலால் கோடு இழுத்து. ‘துக்யோ’ என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது, வலிக்கிறது. துணைக்கு வந்தவர் மிஸ்ஸியிடம் திரும்பிச் சொன்னார்: “சாக்கிட்.”

அம்மாவின் முறை வந்தது. மிஸ்ஸி மலாயில் கேட்டார், பத்துக்கு எத்தனை? நான் தமிழில் கேட்டேன்.

“எதுக்குப் பத்துக்கு?”

“வலி எவ்ளோன்னு நம்பர் சொல்லணும்மா.”

அம்மா கொஞ்சம் யோசித்தார். “ராத்திரியில ஒரு மாதிரி, எலும்புக்குள்ள எறும்பு ஊர்றாப்ல, போர்வ பட்டாக்கூட ஆகாது. காலைல எந்திரிச்சு நாலடி வச்சா துருப்புடிச்ச கதவு மாதிரி முட்டி சத்தம் போடும். அப்புறம் சரியாயிரும். இதுல எங்கருந்து நம்பர் சொல்றது? ஆறுன்னு போடச் சொல்லு.”

மிஸ்ஸி பேனாவோடு காத்திருந்தார். நான் எறும்பிலிருந்து ஆரம்பித்தேன். ‘செமுட்’, ‘துலாங்’, பிறகு போர்வைக்கு மலாயில் என்ன என்று ஒரு கணம் வரவில்லை. பின்னால் வரிசை நின்றது. பரவாயில்லை என்று கதவு வரைக்கும் சொல்லி முடித்தேன்.